இரண்டு உச்சங்கள்

கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலுக்கு அண்மையில், வீராணம் ஏரியின் கரையைச் சார்ந்து விளங்குவது லால்பேட்டை என்னும் ஊர். கீழணையில் தேங்கும் கொள்ளிடத்து நீர் வடவாற்றின் வழியே வந்து இவ்வேரியை நிரப்புகிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைந்த ஏரி இது. அவனுக்கு வழங்கிய வீரநாராயணன் என்னும் பெயரே நாளடைவில் வீராணம் என மருவிற்று. ஏரியின் மதகுகள் திறந்தால் 44,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் நீர் பெறும். வெள்ளம் மிகும் நாளில் லால்பேட்டையில் உள்ள வெள்ளியங்கால் ஓடை மதகின் வழியே உபரி நீர் வெளியேறும். எந்த மதகை எப்பொழுது திறப்பது, எப்பொழுது மூடுவது என்பதை அறிந்தவர் கையில்தான் ஏரியின் நலமும் வயலின் நலமும் இருக்கின்றன.

இவ்வூரைச் சுற்றிலும் நெல் வயல்கள் உண்டு. வெற்றிலைக் கொடிக்கால்களும் உண்டு. நெல் மூட்டை சில நாள் களத்தில் காத்திருக்கும். வெற்றிலையோ அங்ஙனம் காத்திராது. கொடியிலிருந்து கிள்ளிக் கவுளியாக அடுக்கிக் கட்டிய பின், அது விரைவில் சந்தையை அடைதல் வேண்டும். இன்றேல் இலை வாடும். உழைத்தவர் முகமும் உடன் வாடும். ஆதலின் ஊரின் உழைப்பைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் லாரியும், அந்த லாரியை நன்னிலையில் வைத்திருக்கும் பட்டறைத் தொழிலாளியும் உழவருக்கு உற்ற துணையாவர்.

ஏரிக்கு மதகு இருப்பது போலவே லாரியின் எஞ்சினுக்கும் மதகுகள் உண்டு. அவற்றை வால்வுகள் என்பர். அவை உரிய நேரத்தில் திறந்து, உரிய நேரத்தில் இறுக மூடினால்தான் வண்டி ஓடும். அவற்றைச் சீர் செய்யும் தொழிலில் நுண்ணிய அறிவுக்குரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. அதனை விளக்க, ஏரிக்கரைச் சாலையில் உள்ள ஒரு சிறு பட்டறையை மனத்தில் எண்ணிக்கொள்வோம்.

காலை நேரம். ஆறு சிலிண்டர் கொண்ட டீசல் லாரி ஒன்று பட்டறையில் நிற்கிறது. அன்றிரவே அது வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு புறப்படுதல் வேண்டும். ஆயினும் சில நாளாக அதன் போக்குச் சரியாக இல்லை. காலையில் எளிதில் கிளம்புவதில்லை. பாரம் ஏற்றினால் இழுவை குறைகிறது. எஞ்சினின் மேல் மூடிக்குள்ளிருந்து 'டக், டக்' என்னும் ஓசை இடைவிடாமல் எழுகிறது. மேஸ்திரியார் அவ்வோசையைக் கேட்ட அளவிலேயே வால்வுகளின் இடைவெளி பிறழ்ந்திருக்கிறது என உணர்ந்தார். எஞ்சின் நன்கு ஆறிய பின் மேல் மூடியைக் கழற்றினார். தொழில் பழகும் இளைஞனை அழைத்து, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்ச நிலைக்குக் கொண்டுவருமாறு பணித்தார்.

இளைஞன் எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினான். ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் வெட்டப்பட்டிருந்த குறி, அதன் கூட்டில் உள்ள முள்ளுக்கு நேராக வந்து நின்றது.

"அண்ணே, பிஸ்டன் உச்சத்துக்கு வந்துவிட்டது. குறியும் முள்ளும் பொருந்திவிட்டன. தகட்டைக் கொடுங்கள், தொடங்குகிறேன்" என்றான்.

மேஸ்திரியார் தகட்டைக் கொடுக்கவில்லை. "எந்த உச்சத்துக்கு வந்திருக்கிறது, தம்பி?" என்று கேட்டார்.

"உச்சம் என்றால் ஒன்றுதானே, அண்ணே?" என்று இளைஞன் வியந்தான்.

அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், டீசல் எஞ்சின் இயங்கும் முறையை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

இவ்வெஞ்சினை ஆக்கியவர் ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். அவர் 1858-ஆம் ஆண்டு பாரிசு நகரில் பிறந்தார். காற்றை மிகச் சிறிய இடத்தில் அமுக்கினால் அது கடுமையாகச் சூடேறும். அச்சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கண்ட அடிப்படை. சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பொழுது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் தொட்டறிந்திருப்பீர்கள். அதே உண்மைதான் இதுவும். பல ஆண்டு உழைப்பின் பின், 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் சோதனையில் வெற்றி பெற்றது. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை அது வேலையாக மாற்றிற்று. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பல இதில் பாதியளவைக்கூட எட்டியதில்லை. 1913-ஆம் ஆண்டு கப்பலில் இங்கிலாந்துக்குச் சென்றபொழுது டீசல் கடலில் மறைந்தார். அவர் மறைந்து பத்தாண்டு கழிந்த பின்னரே ஜெர்மனியில் டீசல் லாரிகள் சாலையில் ஓடத் தொடங்கின. நம் நாட்டில் 1948-இல் சென்னையில் நிறுவப்பட்டு, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற நிறுவனம் எண்ணூரிலும், டாட்டா நிறுவனம் 1954 முதல் ஜாம்ஷெட்பூரிலும் லாரிகளைச் செய்து வந்தன. அவை ஊர்தோறும் ஓடத் தொடங்கவே, ஊர்தோறும் பட்டறைகளும் தோன்றின.

டீசல் எஞ்சினில் சிலிண்டர் என்பது ஒரு குழல். அதனுள் மேலும் கீழும் சென்று வருவது பிஸ்டன். பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது அடியில் உள்ள கிராங்க் தண்டு. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்வதை ஒரு வீச்சு என்பர். நான்கு வீச்சுகள் சேர்ந்தால் எஞ்சினின் வேலை ஒரு சுற்று முடிவடையும்.

முதலாவது உறிஞ்சு வீச்சு. பிஸ்டன் கீழே இறங்க, உறிஞ்சு வால்வு திறந்து காற்று உள்ளே வரும். இரண்டாவது அமுக்க வீச்சு. இரு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கும். அப்பொழுது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரும். பிஸ்டன் உச்சத்தை நெருங்குகையில் டீசல் எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பீச்சப்படும், உடனே தீப்பற்றும். மூன்றாவது ஆற்றல் வீச்சு. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். நான்காவது வெளியேற்று வீச்சு. வெளியேற்று வால்வு திறந்திருக்க, பிஸ்டன் மீண்டும் மேலே ஏறிப் புகையை வெளியே தள்ளும்.

இந்நான்கு வீச்சுகளுக்குள் பிஸ்டன் இரண்டு முறை மேலே ஏறுகிறது என்பதை நோக்குக. அமுக்க வீச்சின் முடிவில் ஒரு முறை. வெளியேற்று வீச்சின் முடிவில் மற்றொரு முறை. கிராங்க் தண்டு இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால்தான் நான்கு வீச்சுகளும் நிறைவுறும். ஃபிளைவீலோ கிராங்க் தண்டுடன் பிணைந்தது. ஆகவே அதில் உள்ள குறி, ஒவ்வொரு சுற்றிலும் முள்ளுக்கு நேராக வந்து நிற்கும். பிஸ்டன் உச்சத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எந்த உச்சத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. இளைஞன் அறியத் தவறியது இதுவே.

இனி, எந்த உச்சம் என்பதில் ஏன் இத்துணைக் கவலை என்பதைக் காண்போம்.

வால்வைத் திறப்பது கேம் தண்டு. அதில் முட்டை வடிவான புடைப்புகள் உண்டு. ஒரு புடைப்பு மேலெழும்பொழுது, அது புஷ் ராடு என்னும் நீண்ட கோலைத் தள்ளும். கோல் ராக்கர் என்னும் சிறு துலாவின் ஒரு முனையை உயர்த்தும். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை உயர மறு முனை தாழ்வது போல, ராக்கரின் மறு முனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கும். புடைப்பு விலகியதும் சுருள்வில் வால்வை மேலே இழுத்து மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றுகையில், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,000 முறை திறந்து மூடுகிறது.

வால்வு மூடியிருக்கும்பொழுது அதன் தலைக்கும் ராக்கருக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருத்தல் வேண்டும். ஏனெனின் இரும்பு சூட்டில் நீளும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டும் கொல்லர், பட்டையைத் தீயிலிட்டு விரியச் செய்து மாட்டுவதை நம் ஊர்களில் கண்டவர் பலர். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் நீளும். எஞ்சினின் வால்வோ அதனினும் மிகுந்த சூட்டை ஏற்பது. இந்நீட்சிக்கு இடம் விட்டு வைப்பதே அவ்விடைவெளியின் நோக்கம். அதன் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு, மூன்று பங்கு என்பது பல எஞ்சின்களில் காணப்படும் அளவு. வெளியேற்று வால்வு மிகுந்த சூடு காண்பதால் அதற்குச் சற்றுக் கூடுதலாக விடுவது பெரும்பான்மை வழக்கம். எஞ்சினைச் செய்தவர் கையேட்டில் குறித்துள்ள அளவே கொள்ளத்தக்கது.

இடைவெளி மிகுந்தால் ராக்கர் வால்வின் தலையைச் சம்மட்டி போல் அடிக்கும். 'டக், டக்' என்னும் ஓசை அதனால் எழுவதே. வால்வு காலந்தாழ்ந்து திறக்கும், முன்னதாகவே மூடும். எஞ்சின் முழு மூச்சு விட இயலாமல் வலுவிழக்கும். இடைவெளி அறவே இல்லாதொழிந்தால் தீங்கு இன்னும் பெரிது. அப்பொழுது ஓசை ஏதும் எழாது. ஆனால் வால்வு தன் இருக்கையில் முழுமையாகப் படியாது. பலகை சரியாக இறங்காத மதகில் நீர் கசிவது போல, எரியும் வாயு அவ்விடுக்கு வழியே பாயும். இருக்கையில் படிந்திருக்கும்பொழுதுதான் வால்வு தன் சூட்டை அதற்குக் கொடுத்து ஆறும். படியாத வால்வு ஆறாது. அதன் விளிம்பு கருகித் தேயும். ஓசையிடும் குறை தன்னைத் தானே அறிவிக்கும். ஓசையிடாத குறையை நாம்தான் தேடி அறிதல் வேண்டும்.

இடைவெளியை அளப்பதற்கு வால்வு முழுமையாக மூடியிருத்தல் இன்றியமையாதது. அமுக்க வீச்சின் உச்சத்தில் இரு வால்வுகளும் முழுமையாக மூடியிருக்கும். இரு ராக்கர்களும் தளர்ந்து நிற்கும். அளத்தற்குரிய இடம் அதுவே. வெளியேற்று வீச்சின் உச்சத்திலோ நிலைமை வேறு. அங்கே வெளியேற்று வால்வு இன்னும் முழுதும் மூடவில்லை. உறிஞ்சு வால்வு அதற்குள் திறக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சிறிதளவு திறந்தே இருக்கும். அறியாதவன் அங்கே தகட்டை நுழைத்துப் பார்ப்பான். இடைவெளி இல்லை எனக் காண்பான். திருகைத் தளர்த்தித் தளர்த்தி இடைவெளியை உண்டாக்குவான். பின்னர் வால்வு உண்மையில் மூடும்பொழுது, அவன் விட்ட இடைவெளி வேண்டிய அளவினும் பன்மடங்காக இருக்கும். கணக்கின் விதி சரி. தகட்டின் அளவு சரி. கையின் திறமும் சரி. தொடங்கிய இடம் தவறாதலால் எல்லாம் தவறாய் முடியும்.

இனிப் பட்டறைக்குத் திரும்புவோம். மேஸ்திரியார் இளைஞனை நோக்கி, "முதல் சிலிண்டரின் ராக்கர்களை விரலால் அசைத்துப் பார்" என்றார். அவன் அசைத்தான். அவை அசையவில்லை, இறுகி நின்றன.

"இப்பொழுது ஆறாவது சிலிண்டரின் ராக்கர்களை அசைத்துப் பார்."

அவை இரண்டும் தளர்ந்து, மெல்லென ஆடின.

இளைஞன் சற்று நேரம் எண்ணினான். "அண்ணே, முதல் சிலிண்டர் புகையை வெளியேற்றிய உச்சத்தில் நிற்கிறது. காற்றை அமுக்கிய உச்சத்தில் நிற்பது ஆறாவது" என்றான்.

"ஆம். அவை இரட்டையர். ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறும்; ஆனால் ஒன்று அமுக்கி முடிக்கையில் மற்றொன்று வெளியேற்றி முடிக்கும். இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்பு" என்றார் மேஸ்திரியார்.

ஆறு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த எஞ்சினில் முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் இங்ஙனம் இணைகளாகும். ஓர் இணையின் எண்களைக் கூட்டினால் ஏழு வரும். இதனை நினைவிற்கொண்டால் இணையைக் காண்பது எளிது. பெரும்பாலான ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் 1, 5, 3, 6, 2, 4 என்னும் முறையில் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். கிராங்க் தண்டை ஒவ்வொரு முறையும் 120 டிகிரி, அதாவது மூன்றில் ஒரு சுற்று, திருப்பினால் இம்முறைப்படி அடுத்த சிலிண்டர் அமுக்க உச்சத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் அதன் இணையை நோக்குதல் வேண்டும். எஞ்சினை அது சுழலும் திசையிலேயே திருப்ப, இணைச் சிலிண்டரில் வெளியேற்று வால்வு மேலெழுந்து மூடும் தறுவாயில், உறிஞ்சு வால்வு கீழிறங்கித் திறக்கத் தொடங்கும். துலாக்கோலின் இரு தட்டுகள் போல ஒன்று எழ ஒன்று தாழும் அந்நொடியே, நாம் அளக்க வேண்டிய சிலிண்டர் அமுக்க உச்சத்தில் நிற்கும் நேரமாகும்.

இளைஞன் எஞ்சினை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினான். குறி மீண்டும் முள்ளுக்கு நேரே வந்தது. பார்வைக்கு எல்லாம் முன்போலவே இருந்தன. ஆயினும் இம்முறை முதல் சிலிண்டரின் ராக்கர்கள் தளர்ந்தும், ஆறாவதின் ராக்கர்கள் இறுகியும் நின்றன. மேஸ்திரியார் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய எஃகுத் தகட்டை அவனிடம் கொடுத்தார்.

வேலை தொடங்கியது. வண்டி கியரில் இல்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைக்கப்பட்டிருந்தது. பாட்டரியின் இணைப்பும் எடுக்கப்பட்டிருந்தது. எஞ்சின் எக்காரணத்தாலும் தானே சுழன்றுவிடக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம். இளைஞன் பூட்டு நட்டைத் தளர்த்தினான். தகட்டை ராக்கருக்கும் வால்வின் தலைக்கும் இடையே நுழைத்தான். தகடு தடையின்றி ஓடவும் கூடாது, சிக்கி நிற்கவும் கூடாது. புத்தகத்தின் இரு தாள்களுக்கிடையே வைத்த தாளை உருவுவது போல, சிறிது பிடித்துக்கொண்டே அது வருதல் வேண்டும். அந்நிலை வந்ததும் திருகைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினான். நட்டு இறுகும்பொழுது திருகும் உடன் சிறிது திரும்பக்கூடும். ஆதலின் இறுக்கிய பின் மீண்டும் ஒரு முறை அளந்தான்.

ஐந்தாவது சிலிண்டரின் உறிஞ்சு வால்வில் இடைவெளி மிகுந்திருந்தது. 'டக், டக்' எனக் கூவியது அதுவே. மூன்றாவது சிலிண்டரின் வெளியேற்று வால்வுக்கு வந்தபொழுது, மிக மெல்லிய தகடும் நுழையவில்லை. அங்கே இடைவெளியே இல்லை. காலையில் வண்டி கிளம்பாமைக்கும் இழுவை குறைந்தமைக்கும் காரணம் இதுவே. இன்னும் சில பயணம் சென்றிருப்பின் அவ்வால்வு கருகியிருக்கும். நள்ளிரவில், நடுவழியில், வெற்றிலைக் கட்டுகளோடு லாரி நின்றிருக்கும். ஓசையிட்ட ஐந்தாவதை மட்டும் சீர் செய்து அனுப்பியிருந்தால், ஓசையிடாத மூன்றாவது அவர்களைக் கைவிட்டிருக்கும்.

வேலை முடியும் தறுவாயில் இளைஞன் மற்றொரு வினாவை எழுப்பினான். "அண்ணே, ஃபிளைவீலில் உள்ள குறி அழிந்துபோயிருந்தால் உச்சத்தை எவ்வாறு காண்பது?"

நல்ல வினா. வால்வின் இடைவெளியை அளப்பதற்கு உச்சம் சில டிகிரி முன்பின்னாக இருந்தாலும் தீங்கில்லை. அமுக்க உச்சத்தைச் சுற்றி நெடுந்தொலைவுக்கு வால்வுகள் மூடியே இருக்கும். ஆனால் எண்ணெய் பீச்சும் நேரத்தை அமைப்பதற்கு உச்சம் துல்லியமாகத் தெரிதல் வேண்டும். அங்கேதான் இடர்ப்பாடு. ஊஞ்சல் தன் உச்சத்தில் ஒரு கணம் தயங்கித் திரும்புவதை நாம் அறிவோம். பிஸ்டனும் அத்தகையதே. வீச்சு 120 மில்லிமீட்டர் உள்ள ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். உச்சத்திலிருந்து கிராங்க் தண்டு 5 டிகிரி திரும்பினால், பிஸ்டன் இறங்குவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டரே. அதே நேரத்தில் 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபிளைவீலின் விளிம்பு 17 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே பிஸ்டனை நோக்கி, 'இதோ உச்சம்' என்று சுட்டுவது அரிது.

இதற்குத் தொழிலறிந்தோர் கையாளும் வழி எளியது. எண்ணெய் பீச்சும் கருவியைக் கழற்றிய துளையில், பிஸ்டன் உச்சத்தை எட்டுமுன்னே அதனைத் தடுக்குமாறு ஒரு கோலைப் பொருத்துவர். எஞ்சினைக் கையால் மிக மெல்லத் திருப்பி, பிஸ்டன் கோலைத் தொட்டதும் நிறுத்தி, ஃபிளைவீலில் முள்ளுக்கு நேராக ஒரு கோடிடுவர். பின் எதிர்த்திசையில் திருப்பி, மறுபுறமிருந்து பிஸ்டன் கோலைத் தொட்டதும் மற்றொரு கோடிடுவர். இரு கோடுகளிலும் பிஸ்டன் நின்ற உயரம் ஒன்றே. எனவே, குறுகிய பக்கத்தில் அவ்விரு கோடுகளுக்கும் நட்டநடுவே உள்ள இடமே உச்சத்துக்குரிய குறியாகும். பின்னர்த் தடைக்கோலை மறவாமல் எடுத்துவிட வேண்டும்.

உச்சத்தைத் தேடாமல், அதன் இருபுறமும் உள்ள சம உயரங்களைக் கண்டு, அவற்றின் நடுவை எடுத்துக்கொள்ளும் இம்முறை நம்மவர்க்குப் புதிதன்று. கோயில் எழுப்புமுன் திசையறிய வேண்டிய சிற்பிகள், சமதரையில் ஒரு முளையை நட்டு, அதனைச் சுற்றி வட்டமிட்டனர். முற்பகலில் முளையின் நிழல்முனை வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளியும், பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தில் ஒரு புள்ளியும் வைத்தனர். இரண்டையும் சேர்த்த கோடு கிழக்கு மேற்கைக் காட்டிற்று. அவற்றின் நடுவே உச்சிவேளை நிழலின் திசை கிடைத்தது. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் இம்முறையைக் கூறுகின்றன. உச்சிவேளையில் நிழலின் நீளம் மாறுவதே தெரியாது. ஆதலின் அவர்கள் உச்சிப் பொழுதைக் காத்திராமல், அதன் இருபுறமும் அளந்தனர். நிழலை அளந்த சிற்பியும் பிஸ்டனை அளக்கும் மேஸ்திரியும் ஒரே கணக்கின் மாணாக்கரே அல்லரோ?

இன்று எஞ்சின்கள் பெரிதும் மாறியுள்ளன. எண்ணெய் பீச்சும் நேரத்தை மின்னணுக் கருவி கணிக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து புதிய வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடும் கடுமையாக்கப்பட்டது. கார்கள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் வால்வின் இடைவெளி தானே சீராகிறது. ஆயினும் பாரம் சுமக்கும் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் திருகும் நட்டும் தகடும் இன்றும் வழக்கிலுள்ளன. எவ்வகை எஞ்சினாயினும் நான்கு வீச்சும் இரண்டு உச்சமும் மாறவில்லை.

மாலை வந்தது. ஆறு சிலிண்டர்களையும் மற்றுமொரு முறை சரிபார்த்து, மூடியை மாட்டி, எஞ்சினை இயக்கினர். 'டக், டக்' ஓசை நின்றுவிட்டது. கொடிக்காலிலிருந்து வந்த கட்டுகள் ஏறின. லாரி விளக்கேற்றிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் புறப்பட்டது. இளைஞன் தன் சட்டைப் பையிலிருந்த சிறு குறிப்பேட்டை எடுத்து, "குறி பொருந்தினால் போதாது, இணையையும் பார்" என எழுதிக்கொண்டான்.

குறி பொருந்துவதைக் கண் காணும். பொருந்துவதற்கு முன் நிகழ்ந்தது யாது என்று கேட்பது அறிவு. அவ்வினாவைக் கேட்கப் பழகியவன் கையில் பொறியும் நலம் பெறும். அப்பொறியை நம்பிய உழவர் உழைப்பும் பயன் பெறும்.

பயிற்சி

1. ஃபிளைவீலில் உள்ள குறி எதனைச் சொல்லும்? எதனைச் சொல்லாது?
2. வால்வின் இடைவெளி மிகுவதாலும் இல்லாதொழிவதாலும் விளையும் தீங்குகள் யாவை? இவற்றுள் எது கொடியது? ஏன்?
3. 1, 5, 3, 6, 2, 4 என்னும் முறையில் எரியும் எஞ்சினில், மூன்றாவது சிலிண்டரின் வால்வுகளை அளக்க எந்தச் சிலிண்டரை நோக்குதல் வேண்டும்?
4. சிற்பிகள் திசை கண்ட முறைக்கும் குறி அழிந்த ஃபிளைவீலில் உச்சம் காணும் முறைக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
5. உங்கள் பள்ளி விளையாட்டிடத்தில் ஒரு முளையை நட்டு, இப்பாடத்தில் கூறியவாறு கிழக்கு மேற்குத் திசைகளைக் கண்டறிக.